யூபலினோஸின் சுரங்கத்தை நீ பார்க்கவேண்டும்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் கிரீஸில் சாமோஸ் தீவின் பைதகோரியோ என்கிற சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறோம். போட்டோக்கள் எல்லாம் அம்மா அனுப்பியிருப்பாள், அதனால் கடலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இங்கே மலைக்குள் ஒரு சுரங்கம் இருக்கிறது, மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டுகிற பெண் நீ, இதை நீ கட்டாயம் பார்க்கவேண்டும்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மெகாரா ஊர்க்காரரான யூபலினோஸ் என்கிற பொறியாளர் வெட்டவைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஊற்று, இந்தப் பக்கம் ஊர். எதிரி முற்றுகையிட்டாலும் கைவைக்க முடியாதபடி தண்ணீரை மலைக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறார்கள். நீளம் 1,036 மீட்டர், உளியும் சுத்தியலும்தான் கருவி, அதிலும் இரண்டு முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் குடைந்துகொண்டு வந்திருக்கிறார்கள்! வடக்கே பாறை பலவீனமாக இருந்த இடத்தில் நேர்கோட்டை விட்டு விலகிச் சுற்றி வந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தவறவிட்டு இணையாகப் போய்விட்டால் எல்லாம் வீண்தானே, அதனால் கடைசியில் வேண்டுமென்றே திசையைத் திருப்பி, ஒரு கோடு மற்றதைக் குறுக்கே வெட்டும்படி செய்திருக்கிறார் மனிதர். சந்தித்த இடத்தில் தரைமட்ட வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. திசைகாட்டி இல்லாத காலம் அது, நினைத்துப்பார். தளம் கிட்டத்தட்ட மட்டம், ஆனால் தண்ணீர் ஓடச் சரிவு வேண்டுமே, அதற்காக ஓரமாக இன்னொரு வாய்க்காலைப் பள்ளமாக வெட்டிச் சுட்ட மண்குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். தெற்கு முனையில் அது 8 மீட்டருக்கும் மேல் ஆழம்.

ஹெல்மெட் கொடுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். இறங்குகிற வழி ஓர் ஆள் நுழையும் அளவுதான், அம்மா வேண்டாம் என்று வெளியிலேயே மர நிழலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே உளித்தடம் இன்னும் தெரிகிறது. அதைத் தொட்டபோது, இருட்டில் நின்று எதிர்ப்பக்கம் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்திருப்பார்களே அந்த ஆட்கள், அவர்களையும் ஷிப்டு முடிந்து தூசியோடு வந்து போனில் பேசும் உன்னையும் சேர்த்தே நினைத்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அப்புறம், பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்தத் தீவில் வியந்து எழுதியவை மூன்று: இந்தச் சுரங்கம், துறைமுகத்தின் அலைத்தடுப்பு, ஹீரா தேவியின் கோயில். படகுகள் நிற்கிற இப்போதைய துறையும் அந்தப் பழைய அலைத்தடுப்பின் மேல்தான் இருக்கிறது. கோயில் 6 கிலோமீட்டர் தள்ளி, பெரிய தூண்காடாக இருந்த இடத்தில் இப்போது நிற்பது ஒரே ஒரு தூண், அதுவும் முழு உயரம் இல்லை. துறையில் பிதாகரஸுக்குச் செங்கோண முக்கோண வடிவில் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த தீவு என்பதால் 1955இல் ஊர்ப் பெயரையே மாற்றியிருக்கிறார்கள், அதற்கு முன் இது திகானி. எதிரே தெரியும் மலைகள் துருக்கி, குறுகலான இடத்தில் நடுவே இருக்கும் கடல் 2 கிலோமீட்டர்கூட இல்லை.

அடுத்த லீவுக்கு வேறு எங்கேயும் டிக்கெட் போடாதே. உச்சி வெயில் காலத்தைத் தவிர்த்துவிட்டு வா. பிடிப்பான ஷூ கொண்டுவா, உள்ளே தரை ஈரம். முழுச் சுரங்கத்தையும் கடக்க ஏற்பாடு உண்டா என்று முன்னாலேயே விசாரித்துக்கொள், நீ பாதியில் திரும்பினால் மனசு ஆறாது.

அப்பா