பதறுவது யார், ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் எங்கள் ஏரியா கேரம் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே ‘பதற்றமான வியாசர்பாடி’ என்று எதற்கு? அன்றைக்கு இங்கே அடிதடியா, தடியடியா? வந்த நிருபருக்கு டீ வாங்கிக் கொடுத்து, போர்டு பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். ஒருவேளை அவருக்குப் பதற்றமாக இருந்ததோ என்னவோ.

தேர்தல் வந்தால் ‘பதற்றமான வாக்குச்சாவடிகள்’ என்று பட்டியல் போடுகிறீர்கள். உங்களுக்குத் தெரியாததா? மிரட்டலுக்கு ஆளாகக்கூடிய வாக்காளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் தேர்தல் ஆணையம் பாதுகாப்பு போடுகிறது. அதைச் சொல்லாமல் வெறுமனே ‘பதற்றமான’ என்று அச்சடித்தால், படிக்கிறவர்கள் நாங்கள்தான் மிரட்டுகிறவர்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சென்ட்ரல் வாசலில் ஆட்டோக்காரரிடம் வியாசர்பாடி என்று சொல்லிப் பாருங்கள். ‘அந்தப் பக்கம் வர்றதில்லம்மா’ என்பார், அப்புறம் அவரே நூறு ரூபாய் கூடக் கேட்பார், கொடுத்தால் பயம் போய்விடும். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டே ‘ராத்திரியில பொம்பளைங்க வெளியே போக முடியுமா’ என்று கேட்டார்கள். டியூஷன் முடிந்து பிள்ளைகள் அப்போதுதான் எங்கள் வாசல் வழியாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தன.

இது இன்று நேற்று வந்த கோபமில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எங்கள் படம் முதல் பக்கம். கொடுங்கையூர் குப்பைமேடு எரிந்து நாங்கள் இருமினால் உள்ளே எங்கேயோ நாலு வரி. 1918 ஏப்ரலில் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியதே இந்தப் பக்கத்து மில் தொழிலாளர்களை வைத்துத்தான், அந்த ஏப்ரல் மாதம் வந்தால் உங்களுக்கு ஞாபகம் வருவதில்லை. வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் உலகக் கோப்பை கேரமில் மூன்று தங்கம் வாங்கியபோது மட்டும் ‘நம்ம சென்னைப் பெண்’. அடிதடி என்றால் வடசென்னை, தங்கம் என்றால் சென்னை, நல்ல கணக்கு ஐயா.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். இணையதளத்தில் அந்தக் கட்டுரை இன்னும் கிடக்கிறது, அதிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்படியே எங்கள் தெருவுக்குப் பேப்பர் போடும் ஏஜென்டிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பாதி ஞாயிறுகளில் இணைப்பே வருவதில்லை. இதையே பக்கத்து வீட்டில் வாங்கித்தான் படித்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை