ரப்பர் பூதங்களும் மலையகத்துக் குறும்படங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ் டப்பிங்கில் தொலைக்காட்சியில் ஓடும் சின்ன பட்ஜெட் ராட்சத மிருகப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "ரப்பர் பல்லி, அட்டை வீடு" என்று தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களே அந்தப் படம் ஓடும்போது சனலை மாற்றுவதும் இல்லை. ரப்பர் என்று தெரிந்துதானே எல்லோரும் பார்க்கிறோம்? மாசியில் காமன் கூத்துப் பார்க்கிறவருக்கு, ரதி வேஷம் கட்டியிருப்பது பக்கத்து லயத்துப் பையன் என்பது தெரியும். அப்படியும் மன்மதன் எரியும்போது கண் கலங்குகிறது. பூதப் படத்திலும் அப்படித்தான். "இதை எப்படிச் செய்திருப்பான்?" என்று ஒரு பக்கம் துருவிக்கொண்டே மறுபக்கம் பயப்படலாம்.

காசு இல்லாத இடத்தில் யோசனை வேலை செய்தாக வேண்டும். 1955இல் வந்த ஒரு ஹொலிவூட் படத்துக்காக, பொம்மைகளை அசைத்துப் படமெடுக்கும் கலைஞர் ரே ஹரிஹவுசன் செய்த ராட்சத ஒக்டோபஸுக்கு ஆறு கைகள்தான். நொடிக்கு 24 படம் என்று ஒவ்வொரு கையையும் இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்க வேண்டும். இரண்டு கை குறைந்தால் அவ்வளவு வேலையும் செலவும் மிச்சம். பாதி உடம்பு தண்ணீருக்குள் இருக்கும்போது யார் எண்ணப் போகிறார்கள்? 1954இல் ஜப்பானில் வந்த முதல் கொட்ஸில்லா படத்தில் மிருகத்தின் உடை சுமார் 100 கிலோ. அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு நடந்த நடிகர் ஹருவோ நகாஜிமாவின் தள்ளாட்டமே மிருகத்தின் கனமாகத் திரையில் தெரிந்தது. அதன் உறுமலோ, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பேஸ் என்ற பெரிய வயலின் மாதிரியான வாத்தியத்தின் கம்பிகளைத் தேய்த்து எடுத்த சத்தம்.

இப்போது வரும் மலிவுப் படங்களில் பல சப்பென்று போவதற்குக் காசைக் குறை சொல்ல முடியாது. முதல் பத்து நிமிடத்திலேயே கணினி மிருகத்தைப் பட்டப்பகலில் முழுசாகக் காட்டிவிடுகிறார்கள். வெயில் இடப்பக்கம் இருக்க, மிருகத்தின் நிழலும் இடப்பக்கமே விழுகிறது. அது சோம்பல், வேறென்ன?

இதை எழுதக் காரணம், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கைபேசியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள். பூதப் படத்துக்கு வேண்டியவை நம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

முதலில் வேகக் கணக்கு. 25 மீற்றர் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் தரைக்கு வர ஏறக்குறைய 2.3 நொடி ஆகும். ஒரு மீற்றர் மாதிரியில் 0.45 நொடி. அதனால்தான் ரிஜிபோம் (தெர்மோகோல்) கட்டடம் சாதாரண வேகத்தில் எடுத்தால் பொம்மையாகத் தெரிகிறது. கட்டடம் 25 மடங்கு சுருங்குகிறது, 25இன் வர்க்கமூலம் 5. ஐந்து மடங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 120 படமாக எடுத்து 24ஆக ஓட்டினால் கனம் வந்துவிடும். பல கைபேசிகளின் ஸ்லோ மோஷனில் இந்த 120 உண்டு. ஆனால் டியூப் லைட்டில் எடுக்கக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும். மந்தாரமான நண்பகலில் வெளியே எடுங்கள். தண்ணீரும் நெருப்பும் வேண்டாம். கட்டடத்தைச் சுருக்கலாம், நீர்த்துளியைச் சுருக்க முடியாது.

ரிஜிபோமுக்கு நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழி விழும், அதிலுள்ள கரைப்பான் தின்றுவிடும். முதலில் வெள்ளைக் கம் இரண்டு பூச்சு, அது காய்ந்தபின் தண்ணீரில் கலக்கும் இமல்ஷன் பெயின்ட்.

உடைக்கு மெத்தை ஸ்பொன்ச்சை வெட்டி ஒட்டி, மேலே அமோனியா கலந்த ரப்பர் பாலை ஐந்தாறு மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி கண்ணை எரிக்கும். இங்கேதான் மலைநாட்டில் பலருக்குச் சறுக்குகிறது. ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய ஒரு இரவுகூட ஆகலாம். பால் வெள்ளை மறைந்து லேசான மஞ்சளாய்க் கண்ணாடி போலாகும்வரை அடுத்த பூச்சு கூடாது. அவசரப்பட்டால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும். முதல் முறை முழங்கையை மடக்கியதும் கிழியும். மூட்டுகளில் பழைய நுளம்பு வலைத் துண்டை இரண்டு பூச்சுக்கு நடுவே பதித்தால் தாங்கும். செம்பு, பித்தளைப் பாத்திரம் எடுக்காதீர்கள், செம்பு ரப்பரைக் கெடுத்துப் பிசுபிசுக்கச் செய்யும். எண்ணெய்ப் பெயின்டும் அப்படியே. காய்ந்தபின் முகப் பவுடர் தூவாவிட்டால் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். உடைக்குள் இருப்பவரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுங்கள், நுவரெலியாக் குளிரிலும் உள்ளே வேர்த்துக் கொட்டும்.

மிச்சத்தை மூடுபனி பார்த்துக்கொள்ளும். காசு கொடுத்துப் புகை போடுகிறவன் தேடும் ஆழம் அது. பனியில் கைபேசி போகஸைத் தேடி அலையும் என்பதால் திரையை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிடுங்கள். பனி நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் ஒரே காட்சியின் துண்டுகளை அடுத்தடுத்து எடுத்துவிட வேண்டும். உறுமலுக்குத் தேயிலை ஸ்டோரில் அரைக்கிற மெஷினின் கிறீச்சொலியைப் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்.

குறும்படப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒன்று. "சமூகப் பிரச்சினை" என்ற ஒரே தலைப்பை விட்டு, அறிவியல் புனைவுக்கும் ஒரு பிரிவு வையுங்கள். கணினி வேலையைத் தடை செய்ய வேண்டியதில்லை. செய்முறையை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி அதற்கும் புள்ளி போட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தலவாக்கலை