கோமுவுக்கு, பாதியில் விட்ட மடிப்பு பற்றி

ஏட்டி கோமு,

மூன்று மாதமாக உன் குரல் செய்தி ஒன்று என் போனில் கிடக்கிறது. உன் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததைச் சொல்லி நீ அழுதாயே, அதுதான். வந்த நிமிஷமே முழுசாகக் கேட்டேன். பதில் மட்டும் போடவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை அண்ணாச்சி இவரிடம் சொல்லி எனக்குத் தெரியும். ஆனாலும் நீ அழுது அனுப்பியதற்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது. வழக்கம்போல நாலு வசவு அனுப்பியிருந்தாயானால் மறுநாளே கூப்பிட்டிருப்பேன். நீயும் சும்மா இருந்துவிட்டாய். அதுதான் தாங்கவில்லை.

ஏன் பேசவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய், மீதியைக் கேட்க மாட்டாய். உட்கார்ந்து படி. அம்மாவிடம் வாசித்துக் காட்டாதே.

பிப்ரவரியிலிருந்து நான் விமானத்திலிருந்து குதித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை 21 முறை. 25 குதிப்பும், கூடவே ஒரு பெரிய பட்டியலில் உள்ள பயிற்சிகளும் முடிந்தால் ஏ லைசென்ஸ் என்ற முதல் உரிமம் கிடைக்கும். லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே பெரிஸ் என்று ஓர் ஊர், பாலைவன வெயில். சனி ஞாயிறு அங்கேதான் கிடக்கிறேன். இவருக்கு எல்லாம் தெரியும். முதல் தடவை கூட வந்து கீழே நின்றார். நான் இறங்கி வரும்வரை கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே இல்லையாம்.

எடுத்தவுடன் தனியாகத் தள்ளிவிட மாட்டார்கள். முதல் நாள் முழுக்க வகுப்பு. கூரையிலிருந்து தொங்கும் பெல்ட்டுகளில் நம்மை மாட்டித் தொங்கவிட்டு, "பாரு, பிடி, இழு" என்று கை தானாகப் போகும்வரை பழக்குவார்கள். வலது பக்கம் சிவப்புப் பிடி, மெயின் பாராசூட்டைக் கழற்றிவிட. இடது பக்கம் உலோகப் பிடி, மெயின் கைவிட்டால் உதவுகிற ரிசர்வ் பாராசூட்டைத் திறக்க. அதன் பிறகு குதிப்பு. முதலில் இரண்டு பக்கமும் இரண்டு பயிற்சியாளர்கள் நம்மைப் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்கள். 12,500 அடியிலிருந்து குதித்தால் திறக்கும்வரை ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே விழுவோம். வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரைத் தொடும். குதிப்பைப் பற்றி இவ்வளவு போதும். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். உனக்கு நான் சொல்ல வந்தது துணியைப் பற்றி.

என் பாராசூட் 190 சதுர அடி. அதை நானே மடித்துக் கட்டுகிறேன். சிரிக்காதே. நான்காம் வருஷ விழாவில் ஹாஸ்டலில் பதினெட்டுப் பேருக்கு வரிசையாகக் கொசுவம் வைத்துவிட்டாயே, கடைசியில் எனக்கு மட்டும் மூன்று முறை அவிழ்த்து வைத்தாய், "உனக்கு இடுப்பே இல்லட்டி, கொசுவம் எங்க நிக்கும்" என்று. அந்த நான்தான் இப்போது தரையில் முட்டி போட்டு ஜார்ஜெட்டைவிட வழுக்குகிற நைலானோடு மல்லுக்கு நிற்கிறேன்.

இந்தத் துணியை நீ பார்க்க வேண்டும். எந்தத் துணி வந்தாலும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாயே, இதில் மூச்சு இம்மியும் போகாது. சிலிகோன் பூசியிருக்கிறார்கள். கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடுகிறது, ஓரிடத்தில் கிழிந்தால் அடுத்த கட்டத்தில் கிழிசல் நின்றுவிடும். பாராசூட் என்றதும் நாம் நினைக்கிற உருண்டைக் குடை கிடையாது இது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் தடுப்புச் சுவர்கள். முன்பக்கம் வாய் திறந்த ஒன்பது அறைகள். காற்று உள்ளே புகுந்து நிறைந்ததும் விமான இறக்கைபோல விறைத்துக்கொள்ளும். 1960களில் டொமினா ஜால்பெர்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. அவர் பட்டமும் பலூனும் செய்தவர். அது தெரிந்த அன்று எனக்கு என்னவோ அத்தனை சந்தோஷம்.

மடிப்பது இப்படி. கயிறுகளைத் தோளில் போட்டு, துணி முழுக்கக் கீழே தொங்க நிற்க வேண்டும். ஒன்பது வாயையும் ஒவ்வொன்றாக எண்ணி முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கயிற்று வரிசைக்கும் இடையில் இருக்கிற துணியை வெளியே இழுத்து நீவிவிட வேண்டும், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. அச்சு அசலாகக் கொசுவம்தான் கோமு! கயிறுகள் நடுவில் ஒன்றாக நிற்க வேண்டும், துணி இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டும். ஒரு கயிறு துணிக்கு வெளியே தப்பிவிட்டால் திறக்கும்போது இறக்கையின் குறுக்கே விழுந்து அதை இரண்டாகப் பிரித்துவிடும். அதோடு இறங்க முடியாது.

நாலு மூலையிலும் வளையம் வைத்த ஒரு சதுரத் துணி உண்டு, ஸ்லைடர் என்பார்கள். தலையணை உறையைவிடப் பெரிது, அவ்வளவுதான். கயிறெல்லாம் அந்த வளையங்கள் வழியாக ஓடுகின்றன. மடிக்கும்போது அதை மேலே துணியோடு முட்டும்வரை தள்ளி வைக்க வேண்டும். திறக்கும்போது காற்று அதை மேல்நோக்கித் தள்ளும், விரிய முயல்கிற துணி அதைக் கீழே தள்ளும். அந்தச் சண்டையில்தான் பாராசூட் மூன்று நாலு விநாடி எடுத்து மெதுவாக விரிகிறது. ஸ்லைடர் இறங்கிக் கிடந்தால் ஒரே அடியாக விரியும், கழுத்தெலும்பு தாங்காது. இத்தனை பெரிய இறக்கையை ஒரு துண்டுத் துணி அடக்குகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

முதன்முதலாக மடித்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பழகியவர்கள் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஜூன் மாதம், ஒரு ஞாயிறு. துணியை நீவி முடித்து, தரையில் சாய்த்து, மேலே படுத்துக் காற்றை அழுத்தி வெளியேற்றி, பைக்குள் திணிக்கப் போகிற நேரம். போன் அடித்தது. உன் செய்தி. நாலு நிமிஷம். மடிப்பின் மேல் முட்டியை ஊன்றியபடியே கேட்டேன். அம்மா நமக்கு அனுப்பிய எள்ளுருண்டை டப்பாதான் நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன். விட்ட இடம் என்று நான் நினைத்த இடத்திலிருந்து.

மெயினை வெளியே இழுப்பதற்கு ஒரு குட்டிப் பாராசூட் உண்டு, பைலட் சூட். முதுகுப் பையின் அடியில் வலது பக்கம் இருக்கும். நாம் அதை எடுத்துக் காற்றில் வீசினால் அது விரிந்து, பையை மூடியிருக்கிற ஊசியை உருவி, மெயினை இழுக்கும். வேலை முடிந்ததும் பின்னால் இழுத்துத் தொந்தரவு செய்யாமல் இருக்க, உள்ளே ஓடும் ஒரு கயிறு அதைச் சுருக்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் அந்தக் கயிற்றை இழுத்து அதைத் திரும்பத் தயார் செய்ய வேண்டும். இழுத்திருந்தால், பைலட் சூட்டை மெயினோடு இணைக்கிற நாடாவில் இருக்கிற சின்ன ஜன்னலில் நீல நூல் தெரியும். ஒரே ஓர் இழுப்பு, இரண்டு விநாடி வேலை. நான் அதைப் பையில் திணிப்பதற்குச் சற்று முன்னால் செய்வேன். அன்று செய்யவில்லை. செய்துவிட்டதாக மனசு சொல்லியது.

முதுகில் மாட்டும் முன் ஒன்று, விமானத்தில் ஏறும் முன் ஒன்று, குதிக்கும் முன் ஒன்று என்று மூன்று முறை சரிபார்ப்பது இங்கே பழக்கம். முதல் தடவை நானே பார்த்தேன், என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஏறும் முன் எங்கள் பயிற்சியாளர் அம்மா பார்த்தார், அறுபது வயது இருக்கும். முதுகுப் பக்க மூடியைத் தூக்கி ஊசியைத் தொட்டார், அது நுழைந்திருக்கிற கண்ணியைத் தொட்டார், நாடாவில் விரலை ஓட்டினார். விரல் நின்றது. என்னை அழைத்து ஜன்னலைக் காட்டினார். நீலம் இல்லை. வெறும் வெள்ளை.

திட்டவில்லை. "கழற்று, தரையில் திறந்து பார்" என்றார். வீசிக் காட்டினேன். பைலட் சூட் பிழிந்துபோட்ட கைக்குட்டைபோல விழுந்தது. விமானம் நானில்லாமல் கிளம்பியது.

அன்றிரவு கணக்குப் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. 4,500 அடியில் வீசியிருப்பேன். அது விரியாமல் பின்னால் கந்தலாக இழுபட்டிருக்கும். ஆயிரம் அடி விழுவதற்கு ஐந்தரை விநாடி. அவசர முடிவு எடுக்க எங்களுக்கு வைத்திருக்கிற எல்லை 2,500 அடி. பதினோரு விநாடி கிடைத்திருக்கும். ரிசர்வை இழுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ரிசர்வ் திறக்கும்போது பை தளர்ந்து மெயினும் கூடவே வெளியே வந்து இரண்டும் சிக்கிக்கொள்ளலாம். அதற்காக மெயினை முதலில் கழற்றிவிடுவதா, நேரே ரிசர்வை இழுப்பதா என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. எதுவானாலும் தரையில் நிற்கும்போதே ஒன்றை முடிவு செய்துகொள் என்பார்கள். நான் அதுவரை முடிவு செய்திருக்கவில்லை, கோமு.

ஒன்றும் இழுக்காமல் விழுந்தாலும் கடைசியாக ஒரு கருவி இருக்கிறது, சைப்ரஸ் என்று பெயர். ஹெல்முட் க்ளோத் என்ற ஜெர்மானியர் செய்தது, 1991இல் வந்தது. ஏறத்தாழ 750 அடிக்கு வந்தும் வேகம் குறையவில்லை என்றால் ரிசர்வைக் கட்டியிருக்கிற கண்ணியைத் தானே வெட்டிவிடும். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதை நம்பி விமானத்தில் ஏறக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அன்றிரவு நான் அதை நம்பித்தான் தூங்கினேன்.

இதனால்தான் உனக்குப் பதில் போடவில்லை. உன் பெயரைப் போனில் பார்த்தாலே அந்த வெள்ளை ஜன்னல் கண்ணில் வந்து நின்றது. உன் செய்தியால் இப்படி ஆயிற்று என்று நீ ஒரு நிமிஷம்கூட நினைக்காதே. மடிக்கும் இடத்துக்குப் போனைக் கொண்டுபோனது நான். நடுவில் எழுந்தால் எல்லாவற்றையும் உதறிப்போட்டு முதலிலிருந்து தொடங்கு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இப்போது போன் காரிலேயே பூட்டிக் கிடக்கிறது. யாராவது பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, பதில் சொல்லாமல் மடித்து முடிக்கிறேன். இரண்டு வாரம் போகாமல் இருந்தேன். பிறகு போனேன்.

என்னை இப்போது வாட்டுவது என் கூடச் சேர்ந்த பையன்கள். 78 கிலோ இருப்பான் ஒருவன், 30 குதிப்புகூட ஆகவில்லை. இணையத்தில் யாரோ விற்கிற பழைய 150 சதுர அடி பாராசூட்டை வாங்கப் போகிறானாம். கருவிகளோடு அவன் எடை 198 பவுண்டு வரும். சதுர அடிக்கு 1.3 பவுண்டு. புதியவர்களுக்கு ஒன்றுக்கு மேல் போகாதே என்கிறார்கள். என்னுடையது 0.86. சின்னது வேகமாகப் போகும் என்று மட்டும்தான் அவனுக்குத் தெரிகிறது. கொஞ்சம் இழுத்தாலே சடாரென்று திரும்பும், திரும்பும்போது உயரத்தை அப்படியே விழுங்கும். தரைக்குப் பக்கத்தில் பயந்துபோய் ஒரு பக்கம் இழுத்தால் முடிந்தது. நன்றாகத் திறந்த, ஒரு குறையும் இல்லாத பாராசூட்டில் தொங்கியபடியே செத்துப்போகிறவர்கள் உண்டு என்பதை நான் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அவனிடம் சொன்னேன். "ஆன்ட்டி, நான் பார்த்துக்கிறேன்" என்றான். போன வாரம் மறுபடி சொன்னேன். சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். உன் பெரியவன் பைக் வாங்கினபோது நீ எவ்வளவு சண்டை போட்டாய் என்று அன்று நான் கேலி செய்தேன் அல்லவா, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இனி உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும்.

மெயினை நாமே மடிக்கலாம், ரிசர்வை மடிக்கக் கூடாது. அதை அரசு உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிக்க வேண்டும். ஒரு முறை மடித்தால் 180 நாள் செல்லும், 2008 வரை 120 நாளாக இருந்ததாம். மடித்து முடித்ததும் சிவப்பு நூல் கட்டி, ஈய முத்திரையில் தன் அடையாளத்தைப் பதிப்பார், அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்தும் இடுவார். யார் என்றே தெரியாத ஒருவர் கடைசி நிமிஷத்தில் இழுக்கப்போகிற துணி அது. எங்கள் ரிக்கர் மேசைப் பக்கத்தில் போய் நின்றுகொண்டே இருக்கிறேன். ஒரு மடிப்பு கோணினால்கூட முழுதாகப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்.

நான் ரிக்கருக்குப் படிக்கப் போகிறேன், கோமு. உரிமத்துக்குக் குறைந்தது 20 பாராசூட்டாவது மேற்பார்வையில் மடித்திருக்க வேண்டும், எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு எல்லாம் உண்டு. அதெல்லாம் படித்துவிடுவேன். தையல்தான் இடிக்கிறது. சின்னக் கிழிசலுக்கு ஒட்டுப்போடத் தெரிய வேண்டும், கயிறு சேரும் இடத்தில் ஜிக்ஜாக் போடத் தெரிய வேண்டும். எனக்கு நேர்த்தையலே பாம்புபோல ஓடும் என்பது உனக்குத் தெரியும்.

டிசம்பர் 20 அன்று ஊருக்கு வருகிறேன், மூன்று வாரம் இருப்பேன். பாளையங்கோட்டையில் உன் தையல் யூனிட்டில் ஒரு மூலையில் எனக்கு மெஷின் போட்டுக் கொடு. உன் பெண்கள் வேலைக்கு வருகிற நேரத்துக்கே வந்து, போகிற நேரத்துக்குப் போகிறேன். கழிந்துபோன பழைய பாராசூட் துணி நாலு கஜம் கொண்டுவருகிறேன், ஊதிப் பார். அது உன் மெஷின் பல்லில் பிடிக்குமா, வழுக்குமா, எந்த எண் ஊசி போட வேண்டும் என்பதெல்லாம் நீதான் சொல்ல வேண்டும்.

அம்மா வாக்கரை விட்டுவிட்டார்களா? கொல்லைக்குப் போகிற படியில் கைப்பிடி போட்டாச்சா? போடவில்லை என்றால் நான் வருவதற்குள் போட்டுவிடு, அண்ணாச்சியிடம் நான் சொன்னேன் என்று சொல். பதிலைக் குரல் செய்தியாகவே அனுப்பு, எத்தனை நிமிஷம் திட்டினாலும் சரி. சனிக்கிழமை ராத்திரி, போன் கைக்கு வந்த பிறகு கேட்கிறேன்.

உன்
மீனா