உடைப்பதற்குச் சுவர் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கும், மலைக்கு அந்தப் பக்கத்துச் சேட்டனுக்கும், தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியருக்கும், பாலிடெக்னிக் மேடத்துக்கும், கொத்தனார் தாத்தாவுக்கும், சித்தாள் அக்காவுக்கும்,

வணக்கம்.

பள்ளி முடித்த பிள்ளைகளுக்குக் கட்டட வேலை பழக்க நாம் நடத்திய பயிற்சிக்குக் கைகொடுத்த உங்களுக்கு நன்றி சொல்ல, பெயர் போட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். "என் பெயரைப் போட்டால் அடுத்த ஆண்டு செங்கல் கிடையாது" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். ஒருவர் பெயரை விட்டுவிட்டு மற்றவர் பெயர்களைப் போட்டால் செங்கோட்டையில் என்ன பேச்சு வரும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே யாருக்கும் பெயர் இல்லை. அவரவருக்குரியதை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் 31 ஆண்டு பள்ளியில் கணக்கு நடத்தியவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் பையன்களில் பலர், தேர்வு முடிவு வரும் முன்பே ஆரியங்காவைத் தாண்டிக் கேரளத்துப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் கையாள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஐந்தாறு ஆண்டு கழித்துத் திருவிழாவில் பார்த்தால் அப்போதும் கையாள்தான். ஏன் என்று ஒருவனிடம் கேட்டேன். "நான் கலவை வைக்கும் கரணையைப் பிடித்தால் அரை நாள் வீண், கல் வீண். அந்த நட்டத்தை எந்த மேஸ்திரி சார் தாங்குவார்?" என்றான். இன்னொருவன் கையில் சான்றிதழ் இருந்தது. எங்கே படித்தான் என்பது இங்கே வேண்டாம். படித்த காலம் முழுவதும் அவன் கட்டிய சுவர் ஒன்றே ஒன்று, அதுவும் தேர்வு நாளில்.

அண்ணாச்சி, அதனால்தான் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நான் நன்கொடை கேட்கவில்லை. "கெடுத்துப் போட எவ்வளவு செங்கல் தருவீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்திருப்பீர்கள். மறுநாள் காலை டிராக்டரில் 2,000 கல் வந்து இறங்கியது. பிறகுதான், சிமென்ட் கலவையில் கட்டினால் உடைக்கும்போது கல்லும் சேர்ந்து போய்விடும், சுண்ணாம்பும் மணலும் போதும் என்று தொழிற்பயிற்சி ஆசிரியர் சொன்னார். காலையில் கட்டுவது, மாலையில் பிரிப்பது, கல்லைச் சுரண்டி அடுக்குவது. அந்த 2,000 கல்லையே நான்கு மாதம் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெற்றோர் என்னிடமே வந்து, "பிள்ளைக்கு ஒழுங்காகக் கட்டச் சொல்லிக்கொடுங்கள், இப்படி உடைக்கச் சொல்லிக்கொடுக்கிறீர்களே" என்று வருத்தப்பட்டார்.

கொத்தனார் தாத்தா, உங்களுக்கு நான் பட்ட கடன் தனி. முதல் நாள் நூலைப் பிடித்து ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்துவிட்டுக் குறுக்கே அளந்தீர்கள். 5 அடி வந்தால் மூலை சரி, இல்லையென்றால் இல்லை. என் வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்துக்குத் தூங்கி வழிந்த அதே பையன் நூலின் மறுமுனையைக் கண் இமைக்காமல் பிடித்திருந்தான். எனக்குக் கோபம்தான் வந்தது, உங்கள் மேல் அல்ல. சுவரின் நேர் பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக்குண்டு ஆடி அடங்கும்வரை பேசாமல் நிற்கவேண்டும் என்பதை நீங்கள் ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை. நீங்கள் நின்றதைப் பார்த்து அவர்களும் நின்றார்கள். பதின்மூன்று கல் வளைவுகள் கொண்ட கழுதுருட்டிப் பதின்மூன்று கண் ரயில் பாலத்துக்கு எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிப்போனதும் உங்கள் யோசனை. 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. 2018இல் அகலப் பாதையாகத் திறந்த பிறகும் அந்தக் கண்களின் மேல்தான் வண்டி போகிறது. உச்சிக் கல் வைக்கும்வரை வளைவு தானாக நிற்காது, அதுவரை கீழே மரச் சாரம் தாங்கவேண்டும் என்று நீங்கள் காட்டினீர்கள். தளம் வார்க்க அடிக்கும் பலகைச் சாரத்துக்கு நாம் சொல்லும் சென்ட்ரிங் என்ற சொல்லே அந்தச் சாரத்திலிருந்து வந்ததுதான் என்று மேடம் சொன்னதும், "இத்தனை நாள் தெரியாமல் அடித்திருக்கிறேனே" என்று தலையைச் சொறிந்தீர்கள்.

மேடம், தண்ணீர்ச் சண்டையை மறக்கமுடியுமா? எம் 20 என்ற காங்கிரீட் கலவையில் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்குத் தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்றீர்கள். பையன்கள் மட்டுமா, தாத்தாவும் சிரித்தார். குழாயைப் பிடித்துக் கண்மட்டத்தில் ஊற்றுவதுதானே ஊர் வழக்கம்? நீங்கள் வாதாடவில்லை. அளந்து ஊற்றிய கலவையில் மூன்று, குழாய்க் கலவையில் மூன்று என்று 150 மில்லிமீட்டர் கனச்சதுரங்கள் வார்க்கச் சொன்னீர்கள். 28 நாள் நீரில் கிடந்தபின் உங்கள் ஆய்வகத்து எந்திரத்தில் வைத்து நசுக்கினோம். குழாய்க் கலவைக் கட்டி முதலில் நொறுங்கிய சத்தத்துக்குப் பிறகு அந்த அறையில் யாரும் பேசவில்லை. மறுநாள் தாத்தா லிட்டர் கோடு போட்ட வாளியோடு வந்தார். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையத்தின் கொக்கியை 90 பாகையில் விடாமல் 135 பாகைக்கு மடக்கி உள்ளே திருப்பவேண்டும் என்பதும் உங்கள் பிடிவாதம். அதைப் பற்றி இப்போதும் சில மேஸ்திரிகள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

சேட்டா, பையன்களைக் கூலிக்கு எடுக்காமல் பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாக, எடுத்தீர்களே, அது சாதாரணக் காரியம் அல்ல. பழகுநர் சட்டம் 1961இலிருந்தே இருக்கிறது. உதவித்தொகையில் கால் பங்கை அரசு ஏற்கும் என்று 2016இல் திட்டமும் வந்தது. ஆனால் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தம் பதிய ஆள் வேண்டுமே. உங்கள் கணக்கர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தார். அவர் வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு மாதம் ஆறடிக்கு மேல் யாரும் சாரம் ஏறக்கூடாது என்ற உங்கள் கட்டளையைத் தாய்மார்கள் கொண்டாடினார்கள், பையன்கள் திட்டினார்கள்.

முதல் வாரக் கூத்தையும் சொல்லவேண்டும். கண்ணூர்க்கார மேற்பார்வையாளர் "செங்கல்லு" என்றார். நம் பையன் 40 செங்கல்லை இரண்டாம் மாடிக்குச் சுமந்து ஏற்றிவிட்டான். அவர் கேட்டது சுற்றுச்சுவருக்கான, மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் செம்புறாங்கல்லை. நாம் செங்கல் என்பது அங்கே இஷ்டிக. அன்று மாலையே நீங்கள் ஒரு பலகை மாட்டினீர்கள்: மைக்காடு என்றால் கையாள், வார்ப்பு என்றால் காங்கிரீட் போடுவது, தூக்குக்கட்ட என்றால் தூக்குக்குண்டு. 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரில் இருந்தது. நம் தாத்தாமாருக்கு இந்தப் பலகை தேவைப்பட்டிருக்காது.

சித்தாள் அக்கா, உங்களைக் கடைசியாக அழைத்ததற்கு வெட்கப்படுகிறேன். மூன்று பெண்பிள்ளைகள் சேர்ந்ததால் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்றுதான் உங்களைக் கூப்பிட்டோம். இரண்டாம் வாரம் ஒரு பிள்ளை வரிசை கோணலாக வைக்க, கரணையை அவள் கையிலிருந்து வாங்கி நான்கு வரி கட்டிக் காட்டினீர்கள். தாத்தா நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்கே பழகினாய்?" என்றார். "27 வருஷம் பக்கத்தில் நின்று கல் கொடுத்தேனே, கண் இல்லையா எனக்கு?" என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள் எங்களுக்குப் பயிற்சியாளர். சம்பளம் மட்டும் முதல் மாதம் சித்தாள் கணக்கில்தான் போனது. அது என் தவறு, பாக்கியைக் கொடுத்துவிட்டேன் என்றாலும் இங்கே எழுதவேண்டும் என்று தோன்றியது.

சேர்ந்தவர்கள் 22 பேர், முடித்தவர்கள் 17. ஒருவன் செல்போன் கடைக்குப் போனான், ஒருத்திக்குத் திருமணம் ஆனது, இருவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவன் ஏன் நின்றான் என்று இன்றுவரை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முடித்தவர்களில் 11 பேர் சேட்டனிடமே இருக்கிறார்கள். நால்வர் அண்ணாச்சியிடம். மீதி இரண்டு பெண்பிள்ளைகளும் மேடத்தின் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சேர்ந்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி, 2,000 கல்லில் 1,460 முழுசாகத் தேறியது. அதைப் பள்ளி மிதிவண்டி நிறுத்தத்துக்குச் சுவராக வைத்துவிட்டோம், இந்த முறை சிமென்ட் கலவையில். அடுத்த அணிக்கு மறுபடி உங்களிடம்தான் வரவேண்டும். மட்டம் பார்க்கும் உங்கள் ரசமட்டம் ஒன்றும் எங்களிடமே தங்கிவிட்டது. தைப்பொங்கலுக்கு முன் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு வாத்தியார்,
செங்கோட்டை