களிம்பு எழுதும் முன் ஒருமுறை பாருங்கள்

மதிப்பிற்குரிய பொதுநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அண்ணனுக்கு ஆண்குறிப் புற்றுநோய் என்று போன மாதம் பயாப்ஸியில், அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனையில், தெரிந்தது. அதற்கு முந்தைய ஒன்பது மாதத்தில் அவர் மூன்று மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். மூவரும் மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஆனால் ஒருவர்கூடப் புண்ணைப் பார்க்கவில்லை.

"அங்க அரிப்பா இருக்கு டாக்டர்."

"சுகர் இருக்கா?"

"இருக்கு."

அவ்வளவுதான், பேனா ஓட ஆரம்பித்துவிட்டது. சுகர் உள்ளவர்களுக்கு முன்தோலுக்கு அடியில் பூஞ்சைத் தொற்று வருவது சகஜம். முதல் தடவை களிம்பு எழுதியதில் எனக்குக் குறையே இல்லை. நான்காவது தடவையும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே எழுதினீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

அவருடைய அலமாரியில், மடித்த சட்டைகளுக்கு அடியில், ஏழு ட்யூப் கிடந்தது. எல்லாமே வால்பக்கத்திலிருந்து இறுக்கிச் சுருட்டி, கடைசிச் சொட்டு வரை பிதுக்கி எடுத்தவை. கூடவே ஒரு பவுடர் டப்பா. புண்ணிலிருந்து வாடை வர ஆரம்பித்ததும் அண்ணிக்குத் தெரியக்கூடாதென்று போட்டுக்கொண்டிருக்கிறார். தனி அறையில் படுத்திருக்கிறார், உள்ளாடையைத் தானே துவைத்திருக்கிறார். வலி இல்லாததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தாராம். இந்த நோயில் பலருக்கு ஆரம்பத்தில் வலி இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

முன்தோல் பின்னுக்குப் போகாமல் இறுகியிருந்தால் இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. அதே இறுக்கம் உள்ளே இருக்கும் கட்டியை மறைத்தும் வைக்கிறது. நான்கு வாரத்தில் ஆறாத புண், தடிப்பு, சிவப்பு, முன்தோலுக்கு அடியிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது, இதில் எது இருந்தாலும் பார்த்துவிட்டு, பயாப்ஸிக்கு அனுப்புங்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? இது பரவினால் முதலில் போவது அங்கேதான். மேல்தோலோடு நிற்கும் கட்டத்தில் சிலருக்குக் களிம்பே சிகிச்சை என்கிறார்கள். ஆனால் அது வேறு களிம்பு, பயாப்ஸிக்குப் பிறகு எழுதுவது. அண்ணனுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பாதி உறுப்பை எடுக்க வேண்டும், இரண்டு பக்கத்து நெறியையும் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. உச்சி முதல் பாதம் வரை எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு, இதற்கு மட்டும் 'அங்க', 'கீழ', 'அந்த இடம்'. நோயாளி கூச்சப்படுகிறார், சரி. உடற்கூறியல் படித்துத் தேறிய நீங்களுமா 'அங்க' என்பீர்கள்? பரீட்சையிலும் அப்படித்தான் எழுதினீர்களா? விழிப்புணர்வுச் சுவரொட்டிகளும் 'அந்தரங்க உறுப்பு' என்பதோடு நாகரிகமாக நின்றுவிடுகின்றன. புற்றுநோய்க்கு அந்த நாகரிகம் கிடையாது.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: பாருங்கள். அடுத்து ஒருவர் உங்கள் முன் உட்கார்ந்து 'அங்க அரிப்பு' என்று தலையைக் குனிந்தால், கதவைச் சாத்திவிட்டு, திரையை இழுத்துவிட்டு, "காட்டுங்க, பார்த்துடலாம்" என்று தயவுசெய்து நீங்களே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி