துப்பாக்கி வெடிக்குமுன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். விடுமுறை நாட்களில் பார்ப்பதற்குக் குற்றப் படங்களும் கௌபாய் படங்களும் சில சொல்லும்படி கேட்டிருந்தாய்; எல்லோரும் ஒப்பிக்கும் பட்டியல் வேண்டாம் என்று நிபந்தனையும் போட்டிருந்தாய். எனக்கும் அதுவே வசதி. சுடும் காட்சிகளைவிட, சுடுவதற்கு முன் மனிதர்கள் பேசிக்கொள்ளும் காட்சிகளே எனக்குப் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். அதை மனத்தில் வைத்துத்தான் இந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் 1973இல் வந்த ‘தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எடி கொய்ல்’ படத்தைப் பார். இயக்குநர் பீட்டர் யேட்ஸ், ‘புல்லிட்’ படத்தின் கார் துரத்தலுக்காக இன்றும் பேசப்படுகிறவர். இந்தப் படத்தையோ உணவகத்து மேசைகளிலும் மதுக்கடையிலும் நிறுத்திவைத்த கார்களிலும் நடக்கும் பேரங்களாலேயே நகர்த்தியிருக்கிறார். மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஹிக்கின்ஸ் அரசு வழக்கறிஞராக இருந்தவர் என்பதால், குற்றவாளிகளின் பேச்சு அவருக்குக் காதில் விழுந்த பேச்சு. ராபர்ட் மிட்சம் ஏற்றிருக்கும் எடி, பாஸ்டன் நகரில் சில்லறைக் குற்றங்கள் செய்து பிழைக்கிறவன். திருட்டுச் சரக்கு ஏற்றிச் சென்ற வழக்கில் சிறை காத்திருக்க, மனைவி மக்களை நினைத்துக் கலங்குகிறவன். தனக்குத் துப்பாக்கி விற்கும் இளைஞனிடம் அவன் தன் விரல்முட்டிகளைக் காட்டிப் பேசும் காட்சி தொடக்கத்திலேயே வரும். முன்பு அவன் வாங்கிக் கொடுத்த துப்பாக்கிகளால் ஒருவன் சிறைக்குப் போனதற்காக, அவன் கையை மேசை இழுப்பறைக்குள் வைக்கச் சொல்லி, இழுப்பறையைக் காலால் உதைத்து மூடினார்களாம். மிட்சம் இதைக் குரலை உயர்த்தாமல், வீட்டு வாடகை ஏறியதைச் சொல்வதுபோலச் சொல்கிறார். அந்த நொடியில் அடியாட்கள் யாரும் திரையில் தேவைப்படவில்லை. முடிவை நான் சொல்ல மாட்டேன். தலைப்பில் வரும் நண்பர்களை மட்டும் கவனித்துக்கொண்டே இரு.

அடுத்தது பட் பெட்டிக்கர் 1956இல் இயக்கிய ‘செவன் மென் ஃப்ரம் நவ்’. எண்பது நிமிடம்கூட ஓடாத படம். ஆனாலும் அதன் தொடக்கத்துக்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. கொட்டும் மழையில் குகைக்குள் தீ மூட்டிக் குளிர்காயும் இருவரிடம், குதிரையில்லாமல் நடந்து வந்த ராண்டால்ஃப் ஸ்காட் காபி கேட்கிறார். பேச்சு மெல்ல அண்மையில் நடந்த ஒரு கொலையின் பக்கம் திரும்புகிறது. செய்தவர்கள் பிடிபட்டார்களா என்று ஒருவன் கேட்க, இரண்டு பேர் என்று இவர் பதில் சொல்கிறார். பிறகு வெளியே நிற்கும் குதிரைகளைத்தான் நாம் பார்க்கிறோம். சுடும் ஓசை மட்டும் கேட்கிறது. பின்னர், மூடுவண்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து காபி குடிக்கும்போது, லீ மார்வின், ஒரு கணவனை எதிரிலேயே வைத்துக்கொண்டு அவன் மனைவியைப் புகழும் காட்சி வரும். அதில் ஒவ்வொரு பாராட்டும் கணவனைக் குத்துவதற்காகவே சொல்லப்படுகிறது. (உன் அப்பா, “காபி குடித்துக்கொண்டே இருக்கிறார்களே” என்று எழுந்து போய்விட்டார்.) ஜான் வெய்னின் நிறுவனம் தயாரித்த இந்தப் படம் பல்லாண்டுகள் கண்ணில் படாமலே இருந்தது. அது பிடித்துப்போனால் ஸ்காட்டும் பெட்டிக்கரும் சேர்ந்து செய்த ‘தி டால் டி’யையும் ‘ரைட் லோன்ஸம்’ படத்தையும் தேடிக்கொள்.

ஆந்த்ரே டி டாத்தின் ‘டே ஆஃப் தி அவுட்லா’ (1959) கறுப்பு வெள்ளையில் எடுத்த பனிப் படம். முள்வேலித் தகராறில் ராபர்ட் ரயன் ஒரு விவசாயியைக் கொல்லவே துணிந்து நிற்கிறார். மதுக்கடையில் ஒரு பாட்டிலை உருட்டிவிட்டு, அது கீழே விழும்போது சுடுவது என்று ஏற்பாடு. பாட்டில் உருளும்போதே கதவு திறந்து, பர்ல் ஐவ்ஸ் தன் கொள்ளைக் கூட்டத்தோடு உள்ளே வருகிறார். அதுவரை நாம் பார்த்த பகை ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. குண்டுக் காயத்தோடு இருக்கும் அந்தத் தலைவனின் வாய்ச்சொல் ஒன்றுதான் அந்தக் கூட்டத்தைக் கட்டிவைத்திருக்கிறது. அவன் மூச்சு நின்றால் ஊர்ப் பெண்களின் கதி என்னவாகும் என்பதுதான் படம் முழுவதும் நம்மை அழுத்தும் பயம்.

டான் சீகலின் ‘சார்லி வாரிக்’ (1973) இவற்றைவிட விறுவிறுப்பானது. அலுத்துப்போய் வரும் இரவில் பார்க்கலாம். ஆனால் மாடுகள் மேயும் வேலியோரம் நின்று வங்கித் தலைவர் தம் கிளை மேலாளரிடம் பரிவாகப் பேசும் காட்சியில் அசந்துவிடாதே. கொள்ளைபோன பணத்துக்காக மாஃபியா ஆட்கள் அந்த மேலாளரை என்ன செய்வார்கள் என்பதைத் தலைவர் விளக்கும் பரிவு அது.

ராபர்ட் ஆல்ட்ரிச்சின் ‘உல்சானாஸ் ரெய்ட்’ (1972) கொடூரமான படம். மனம் சோர்ந்திருக்கும் நாளில் வேண்டாம். அப்பாச்சி என்னும் அமெரிக்கப் பழங்குடியினரை வெறுக்கிறீரா என்று இளம் அதிகாரி கேட்கும்போது, தண்ணீர் இல்லை என்பதற்காகப் பாலைவனத்தை வெறுப்பதா என்கிற பொருளில் பர்ட் லங்காஸ்டர் சொல்லும் பதிலுக்காக நான் அதை மறுபடியும் பார்ப்பேன். அதை எழுதிய ஆலன் ஷார்ப்தான் ‘நைட் மூவ்ஸ்’ (1975) படத்தையும் எழுதினார். அதில் ஜீன் ஹேக்மன், எல்லாத் தடயங்களும் கைக்கு வந்த பிறகும் எதையும் புரிந்துகொள்ளாத துப்பறிவாளர்.

‘எடி கொய்ல்’ படத்துக்கு ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள். பாஸ்டன் பேச்சு வேகம், அரை வாக்கியம் தவறினாலும் யார் யாரைக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்பது பிடிபடாது. கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடு. பார்த்ததும் எழுது, அந்தப் படத்தில் வரும் மதுக்கடைக்காரனை எந்தக் காட்சியில் சந்தேகித்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா