பே பூட்டிய பிறகு தம்பிக்கு எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு இடது கண்ணும் இப்போது வடிவாகத் தெரிகிறது. ஒப்பரேசன் அன்று நீ வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை கூட என்றாய், சரி. பெரியம்மாவின் வீட்டு விஷயமும் ஒருமாதிரி முடிந்துவிட்டது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

போனில் கதைக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றுவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கடைசிவரை வாசிப்பாய். சின்ன வயதிலிருந்தே எந்தக் கடதாசியையும் பாதியில் விடாத பிள்ளை நீ.

ஸ்காபரோ ரவுண் சென்ரர் மோலில் பே பூட்டியாச்சு, அந்த ஹட்சன்ஸ் பே பெரிய கடை. கடைசிக் கிழமை நானும் போய்ப் பார்த்தேன். உடுப்புக் கொழுவுகிற கம்பி, கண்ணாடி அலுமாரி, தலையில்லாத பொம்மைகள், எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருந்தது. 1670இல் இங்கிலாந்து ராசா சாசனம் கொடுத்துத் தொடங்கிய கொம்பனி. பீவர் என்ற மிருகத்தின் தோல் வாங்கி விற்றவர்கள். 355 வருடம் நின்றது. 2025 மார்ச்சில் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுக் கோட்டுக்குப் போனார்கள், யூன் முதலாம் திகதி எல்லாக் கடையும் பூட்டு. 8,000 பேருக்கு மேல் வேலை போய்விட்டது. அந்தப் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலக் கோடு போட்ட போர்வை இருக்கிறதல்லவா, அந்தக் கோடுகளையும் பேரையும் கனேடியன் ரயர் கடைக்காரர் 30 மில்லியன் டொலருக்கு எடுத்துவிட்டார்களாம்.

சென்ற் போத்தில் விற்கிற பக்கத்தில் எங்கட பிள்ளை ஒருத்தி நின்றாள். 22 வருடம் அங்கேதான் வேலையாம். "வேலையால நிப்பாட்டின கடிதம் தந்ததை வீட்டில சொல்ல எனக்கு ரெண்டு நாள் பிடிச்சுது அங்கிள்" என்றாள். ரெண்டே நாளில் சொல்லிவிட்டாளே என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். வீட்டுக்கு வரும்வரை அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

காலையில் சாப்பிடாமல் வெளியே போகாதே. உனக்கு வெறும் வயிற்றில் கோப்பி குடிக்கிற பழக்கம்.

போன செவ்வாய் நான் எடுத்தபோது உங்களுக்குக் காலை பதினொரு மணி. ஒபிசில் நிற்கிறேன் என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஒரு பாட்டு மெல்லமாகப் போய்க்கொண்டிருந்தது. உயரமான கூரைக்குக் கீழே ஆட்கள் நடக்கும்போது ஒரு இரைச்சல் வரும், எந்தக் குரல் எங்கேயிருந்து வருகிறதென்று தெரியாது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும் தம்பி. ஒருவேளை உங்கள் ஒபிசின் கீழ்த்தட்டில் கடைகள் இருக்கலாம். இருக்கட்டும்.

நீ அந்த மோலைச் சின்ன வயதிலிருந்து அறிவாய். ஆனால் எல்லாம் தெரியாது. 1973இல் திறந்தது. பக்கத்தில் இருக்கிற சிவிக் சென்ரரும் அதே வருடம்தான், எலிசபெத் மகாராணி வந்து திறந்துவைத்தார். அதற்குப் படம் வரைந்த கட்டிடக்கலைஞர் மொரியாமா, சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜப்பான்காரர் என்பதற்காகக் கனடா அரசாங்கம் குடும்பத்தோடு முகாமில் அடைத்த மனிதர். அகதியாக வந்த எங்களுக்கு அந்தக் கதை நெஞ்சில் தைக்கும். மோலின் ஒரு கரையில் ஈற்றன்ஸ் கடை, ஒரு கரையில் சிம்ப்சன்ஸ் கடை. பே 1979இல்தான் சேர்ந்தது. ஈற்றன்ஸ் 1869இல் ரொறன்ரோவில் தொடங்கிய கடை, 1999இல் முறிந்தது. பிறகு வோல்மார்ட் வந்தது. நீ காம்பஸ் பெட்டி வாங்கிய சியேர்ஸ் 2018 தைமாதம் பூட்டியது. அங்கே வேலைசெய்து இளைப்பாறியவர்களுக்குப் பென்சன் காசிலேயே வெட்டு விழுந்தது. முப்பது வருடம் உழைத்ததற்குக் கிடைத்த மரியாதை அது. இப்போது பேயும் இல்லை. திறந்தபோது இருந்த பெரிய பெயர் ஒன்றுகூட அங்கே மிஞ்சவில்லை.

நீ அறிந்த சியேர்ஸ் முந்தி சிம்ப்சன்ஸ். 1991இல் மாறியது. அந்த மாற்றம் எனக்கு நாள் நாளாகத் தெரியும். பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார்கள். எழுத்து இருந்த இடம் மட்டும் சுவரில் வெளிறாமல் புதிதாகத் தெரிந்தது. முன்னால் ஒரு வாங்கு. அதில் இருந்துதான் பார்த்தேன்.

ஏன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் யூன் மாதம் எங்கள் ஃபக்டரியைப் பூட்டிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அம்மாவுக்கு அப்போது தங்கச்சி வயிற்றில் ஆறு மாதம். ஊரில் அம்மம்மாவுக்குக் காசு அனுப்பவேண்டும், சித்தப்பாவை வெளிநாட்டுக்கு எடுத்த ஏஜென்சிக் கடன் வேறு. திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அம்மா வழக்கம்போலச் சோற்றுப் பெட்டியைக் கட்டித் தந்தாள். வாங்கிக்கொண்டு கெனடி ஸ்ரேசனில் ஆர்.ரி. ரெயில் ஏறிவிட்டேன். அதன்பிறகு ஐந்து மாதம் அப்படியே போனது.

காலையில் வேலை தேடிக் கடிதம் கொடுப்பேன். மத்தியானம் அந்த வாங்கில் இருப்பேன். வீட்டில் சாப்பாட்டுக் காசு குறைந்ததற்கு ஓவர்டைம் இல்லை என்றேன். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தருகிற யூ.ஐ. காசைச் சம்பளம் என்று சொல்லி அம்மாவின் கையில் கொடுத்தேன். வந்த ரெயிலையும் நான் மறக்கவில்லை. 2023 ஆடியில் அதன் கடைசிப் பெட்டி தடம்புரண்டு, அத்தோடு நிறுத்திவிட்டார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அம்மா காரணம் கேட்டாள். தலையிடி என்றேன்.

ஓகஸ்ற் கடைசியில் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வருவாளென்று எனக்குத் தெரியாது. நீதான் முதலில் கண்டாய். "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாய். அம்மா சப்பாத்துக் கடைக்குள் காசு கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் எழும்பித் தூணுக்குப் பின்னால் போய், பக்கத்துக் கதவால் வெளியே ஓடிவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளையை அந்தச் சனத்துக்குள் தனியே நிற்க விட்டுவிட்டு ஓடினேன்.

இரவு நீ சாப்பிடும்போது, "அப்பாவை மோல்ல கண்டனான்" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் "பொய் சொல்லாதை" என்றேன். நீ திரும்பவும், "கண்டனான், உண்மையாக் கண்டனான்" என்றாய். உனக்கு அடித்தேன். வாயிலே அடித்தேன். கோப்பை தட்டுப்பட்டு விழுந்தது. நீ அழுதுகொண்டே, "நான் காணேல்லை" என்றாய். அதன்பிறகுதான் அடியை நிறுத்தினேன்.

நீ கண்டது என்னைத்தான் தம்பி. நீ பொய் சொல்லவில்லை.

உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ பெரிய பொடியனாகி எஞ்சினியர் ஆனபோதும், எஞ்சினியர்மாரின் இரும்பு மோதிரம் போட்ட கையைக் காட்டி நீ நிற்கிற அந்தப் படத்தை வருகிறவர்களுக்கெல்லாம் நான் காட்டும்போதும், எனக்கு அந்தக் கோப்பை விழுந்த சத்தம் கேட்கும். ஒரு கஷ்டத்தையும் நீ வீட்டில் சொல்வதில்லை என்று அம்மா குறைப்படுவாள். சேர்ந்து நானும் உன்னைத்தான் குறை சொன்னேன். சொல்லவேண்டாம் என்று உனக்குப் பழக்கியவன் நான்.

கார்த்திகையில் வேலை கிடைத்தது. வீட்டில் "வேற இடம் மாறிட்டன்" என்றேன். அவ்வளவுதான்.

காலையில் சாப்பிடாமல் போகாதே. கிரெடிற் காட்டில் காசு எடுத்து வீட்டுக் காசு கட்டாதே. எங்களிடம் கொஞ்சம் இருக்கிறது. அது அம்மா உனக்கென்று போட்டதுதான், வட்டியும் சேர்ந்திருக்கிறது. மருமகளிடம் எதையும் ஒளிக்காதே. அவள் நல்ல பிள்ளை, தாங்குவாள். சின்னவளுக்கு முன்னால் குரலை உயர்த்தாதே.

செவ்வாயும் வியாழனும் அம்மா காலையில் சீனியர்ஸ் சங்கத்துக்குப் போகிறாள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை வீட்டில் நான் மட்டும்தான். உங்களுக்கு அது ஏழிலிருந்து பத்து. எடு. ஒன்றும் சொல்ல விருப்பமில்லையென்றாலும் எடு, போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்போம். இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் நீ கதைக்காதே. அவளிடம் நானே சொல்லவேண்டும். இந்தக் கிழமை சொல்லுவேன்.

அப்பா